கையை உயர்த்தியவர்கள் எழுந்து வரட்டும்

எங்கள் சபையில் கீபோர்ட் வாசிக்கும் பையன் உயர்தர வகுப்பில் படிக்கிறான். பிரசங்கம் முடிந்து, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் முன்னுக்கு வரட்டும் என்று அர்ப்பணிப்பு அழைப்பு விடுக்கப்படும் வேளையில் அவனுடைய வாசிப்பில் வரும் குழைவைப் பற்றி ஒருநாள் பாராட்டாகத்தான் பேச்சைத் தொடங்கினேன். "அது ஒன்றுமில்லை அங்கிள். பாஸ்டர் விரலைச் சுழற்றினால் பல்லவியைத் திரும்ப எடுக்க வேண்டும். உள்ளங்கையை உயர்த்தினால் ஸ்கேலை ஒரு படி ஏற்ற வேண்டும். ஆட்கள் எழும்பி வரத் தொடங்கும்வரை நிறுத்தக் கூடாது" என்றான். அவன் குரலில் கூச்சமும் இல்லை, கேலியும் இல்லை. கற்றுக்கொடுத்த வேலையைச் செய்கிறவனின் சாதாரணக் குரல். ஆனால் அந்தப் பதில் எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆவியானவர் ஏவுகிறார் என்று ஒலிவாங்கியில் சொல்லப்படும் அதே நிமிடத்தில், மேடையோரத்தில் இருக்கும் ஒரு மாணவனுக்கு விரலசைவில் வேறோர் ஏவுதல் போய்க்கொண்டிருக்கிறது. இசையை நான் குறை சொல்லவில்லை. சவுலின் கலக்கம் தீரத் தாவீது சுரமண்டலம் வாசித்தான், சவுலும் ஆறுதலடைந்தான். ஆனால் சவுல் எழும்பி வரும்வரை நிறுத்தாதே என்று தாவீதுக்கு யாரும் கட்டளையிட்டதாக வேதத்தில் இல்லை.

அழைப்பே வேண்டாம் என்று வாதாட நான் இதை எழுதவில்லை. நற்செய்தி என்பதே ஓர் அழைப்புத்தான். கேட்டவன் என்ன செய்வது என்று தவிக்கும்படி விட்டுவிட்டு ஆசீர்வாதம் கூறி அனுப்பிவிடுவதும் ஒருவகை அலட்சியம்தான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பேச்சைக் கேட்டவர்கள் "சகோதரரே, நாங்கள் என்னசெய்யவேண்டும்" என்று கேட்டார்கள். அங்கே அந்தக் கேள்வி, பேச்சைக் கேட்டவர்களிடமிருந்தே எழுந்தது. நமது கூட்டங்களில் அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே பதில் தயாராக இருக்கிறது, அதற்குரிய பாட்டும் தயாராக இருக்கிறது. கொழும்பில் கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை எத்தனையோ தமிழ்க் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அந்தப் பதினைந்து நிமிடங்களுக்குள் நடப்பவற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

யாரும் பார்க்கவில்லை என்ற வாக்குறுதி

எல்லோரும் தலைகளைத் தாழ்த்துங்கள், எல்லாக் கண்களும் மூடியிருக்கட்டும், யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், இது உங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையிலுள்ள விஷயம், இருந்த இடத்திலேயே கையை உயர்த்தினால் போதும் என்று ஊழியக்காரர் சொல்கிறார். யாரோ ஒருவர் நம்பிக் கையை உயர்த்துகிறார். "உங்கள் கையைப் பார்த்துவிட்டேன், ஆமென், கையை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒலிவாங்கி சொல்கிறது. அடுத்த நிமிடமே அதே குரல், "கையை உயர்த்திய நீங்கள் இப்போது எழுந்து தைரியமாக முன்னுக்கு வாருங்கள், மனுஷர் முன்பாக என்னை அறிக்கைபண்ணுகிறவன் எவனோ என்று இயேசு சொன்னார்" என்கிறது. கண்கள் எல்லாம் திறந்துவிட்டன. கையை உயர்த்தியவருக்கு இப்போது இரண்டே வழிகள்: எழுந்து போவது, அல்லது இயேசுவை மறுதலித்தவன் என்ற பாரத்தோடு கதிரையில் இருப்பது.

இதைப் பலர் ஒரு நடைமுறை உத்தியாகத்தான் பார்க்கிறார்கள். படிப்படியாகக் கூச்சத்தைப் போக்குகிறோம் என்கிறார்கள். எனக்கோ இது கொடுத்த வாக்கை மீறுவதாகவே தோன்றுகிறது. ஒருவர் விசுவாச வாழ்க்கைக்குள் முதல் அடி எடுத்து வைக்கிறார் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்த வேளையில், நம் தரப்பிலிருந்து அவருக்குக் கிடைக்கும் முதல் அனுபவம் ஏமாற்றப்படுவதுதான். முன்னுக்கு வரச் சொல்வதானால் முதலிலேயே சொல்லலாமே. நிக்கொதேமு இராக்காலத்தில் வந்தான். பகலில் வா, ஆட்கள் பார்க்க வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு யூதருக்குப் பயந்து அந்தரங்கச் சீஷனாய் இருந்தவன் என்று யோவான் எழுதுகிறார். சிலுவையிலிருந்து சரீரத்தை இறக்கும் நாள் வந்தபோது முன்வந்தவன் அவன்தான். இயேசு தாம் அழைத்த எல்லோரையும் வெளிப்படையாகவே அழைத்தார் என்று மேடைகளில் சொல்லப்படும்போதெல்லாம் இந்த இருவரும் என் நினைவுக்கு வருவார்கள்.

அடுத்தது வலையை அகலமாக்குவது. முதலில் இயேசுவை இதுவரை ஏற்றுக்கொள்ளாதவர்கள் அழைக்கப்படுகிறார்கள். போதிய ஆட்கள் வரவில்லை. உடனே பின்வாங்கிப்போனவர்கள், பிறகு ஜெபவாழ்க்கை குளிர்ந்துபோனவர்கள், பிறகு நோயாளிகள், கடன்காரர், பிள்ளைக்கு வரன் அமையாதவர்கள், வீசா தாமதமானவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று வரிசை நீளுகிறது. வீசாவைச் சொன்னதும் கொழும்புத் தமிழர் கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள் என்பது எந்த ஊழியக்காரருக்கும் தெரியும். இறுதியில் எழாமல் இருப்பவர்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறார். என் பக்கத்தில் இருந்த முதிய ஆன்ட்டி ஒருவர், அறுபது வருடமாக ஆலயத்துக்கு வருகிறவர், அப்படி ஒருமுறை தனியே மிஞ்சிப்போய், "எனக்கு முழங்கால் ஏலாது மகன், அவருக்குச் சொல்லுங்கோ" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். யாருக்குச் சொல்வது? முன்னால் நின்ற கூட்டத்தில் மனந்திரும்பியவன் யார், மூட்டுவலிக்காரர் யார் என்று அந்த நேரத்தில் பிரசங்கியாருக்கே தெரிந்திருக்காது.

பயமுறுத்தல் இன்னொரு ரகம். இன்றிரவு வீடு திரும்பும் வழியில் பஸ் கவிழ்ந்தால் உங்கள் ஆத்துமா எங்கே போகும் என்ற கேள்வியைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு ஆராதனையில் இருந்தவர்கள் மீதே கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டு வெடித்த பிறகும் அந்தக் கேள்வியை அதே தொனியில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் பக்கத்து வரிசையில் இருக்கக்கூடிய ஒரு நகரத்தில், சாவின் அவசரத்தைப் பிரசங்கத்தின் முடிவுக்கு உந்துவிசையாகப் பயன்படுத்துவது எனக்குச் சகிக்கவில்லை. இப்பொழுதே இரட்சணியநாள் என்று பவுல் எழுதியது உண்மைதான். அதைப் பவுல் எழுதியது கொரிந்து சபைக்கு. நிதானமாக வாசித்து, மறுபடி வாசித்து யோசிக்கக்கூடிய ஒரு நிருபத்தில்.

ஃபின்னியின் வாங்கு

இந்த முறை அப்போஸ்தலர் காலத்திலிருந்து வருகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் வைட்ஃபீல்டும் ஜோன் வெஸ்லியும் திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்தார்கள். பாட்டைப் பாடி முன்னுக்கு வரச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. 1814 இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிஷனரிகளின் முன்னோடியே வெஸ்லிதான் என்பதால், நமது பழைய சபைகளின் வேரிலும் அது இல்லை என்று சொல்லலாம். அமெரிக்காவில் வெளியிடங்களில் கூடாரமடித்துத் தங்கி நடத்திய பாளயக் கூட்டங்களில், பாவத்துக்காகத் துக்கப்படுகிறவர்களுக்கென்று ஒரு வாங்கு, அதாவது நீள இருக்கை, முன்னால் போடப்பட்டது. அதை நகரத்துக்குள் கொண்டுவந்து ஒழுங்கான முறையாக்கியவர் அமெரிக்க எழுப்புதல் பிரசங்கியார் சார்ல்ஸ் ஃபின்னி. 1830-31 குளிர்காலத்தில் நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டரில் நடந்த எழுப்புதல் கூட்டங்களில் அது பேர்பெற்றது. ஃபின்னி ஊழியத்துக்கு வருமுன் சட்டம் பயின்றவர். யூரிமாரிடம் தீர்ப்புக் கேட்டு வாங்கும் வழக்கறிஞனைப் போலவே சபையாரிடமும் அங்கேயே, அப்போதே தீர்ப்புக் கேட்டார்.

அவர் 1835 இல் வெளியிட்ட எழுப்புதல் விரிவுரைகளில் ஒரு வாதம் இருக்கிறது: அப்போஸ்தலர் காலத்தில் ஒருவன் கிறிஸ்துவின் பக்கம் நிற்கத் தீர்மானித்தான் என்பதை ஞானஸ்நானம் வெளிப்படுத்தியது, இன்று அந்த இடத்தில் இந்த வாங்கு இருக்கிறது என்கிறார். ஃபின்னியை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த ஓர் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். 1843 இல் அமெரிக்க இறையியலாளர் ஜோன் வில்லியம்சன் நெவின் அந்த வாங்கையே தலைப்பாக வைத்து ஒரு மறுப்பு நூல் எழுதினார். முன்னுக்கு நடப்பதையும் மனந்திரும்புவதையும் மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள் என்ற அவரது கவலை வீண்போகவில்லை. பிற்கால அமெரிக்கப் பிரசங்கியார் டி. எல். மூடி, விசாரணை அறை ஒன்றை வைத்தார். விரும்பியவர்கள் கூட்டம் முடிந்தபின் அங்கே போய்ப் பேசலாம். லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன், தேடி வருபவர்களை வாரநாட்களில் தனித்தனியே சந்தித்துப் பேசினார். பில்லி கிரஹாமின் கூட்டங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் அட்டைகளும் உள்ளூர்ச் சபைகளோடு தொடர்பும் இருந்தன. அந்த ஏற்பாட்டில் நாம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் பாட்டைத்தான். "நான் பாவிதான் ஆனாலும் நீர்" என்று நாம் தமிழில் பாடும் அந்தப் பாட்டை 1835 இல் எழுதிய சார்லட் எலியட் நெடுநாள் நோயாளி. எழுந்து நடக்க இயலாதவளாய், தன்னால் எந்த ஊழியமும் செய்ய முடியவில்லையே என்ற மனப்பாரத்தில் எழுதினாள் என்பார்கள். அதை வைத்துத்தான் நாம் ஆட்களை எழுந்து நடக்கச் சொல்கிறோம்.

மூன்று கட்டங்கள்

சில வருடங்களுக்கு முன் கொழும்பு வடக்கில் ஒரு மைதானத்தில் பல சபைகள் சேர்ந்து நடத்திய எழுப்புதல் கூட்டத்தில் ஆலோசகராக நின்றேன். கழுத்தில் ஓர் அட்டை, கையில் பேனையும் படிவங்களும். ஆயத்தக் கூட்டத்தில் எங்களுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல்களில் ஒன்று, முதல் அழைப்பு விடுக்கப்பட்டதுமே ஆலோசகர்கள் பல பக்கங்களிலிருந்தும் முன்னோக்கி நடக்கத் தொடங்க வேண்டும் என்பது. காரணம் யாரும் விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இருக்கவில்லை. பின்னால் இருந்து பார்ப்பவர்களுக்கு யார் ஆலோசகர், யார் பாவி என்று தெரியாது.

எனக்கு முன்னால் வந்து நின்றவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. நெற்றியில் குங்குமம், வெக்கையில் வியர்த்து அது புருவம்வரை கரைந்திருந்தது. சேலைத் தலைப்பில் ஒரு புகைப்படத்தை முடிந்து வைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்: இருபத்தைந்து வயதுப் பையன், கடவுச்சீட்டு அளவுப் படம், மூலைகள் மடிந்திருந்தன. கட்டாருக்கு வேலைக்குப் போனவன், மாதக்கணக்கில் பேச்சுமூச்சில்லை. "நோயாளிங்க, கஷ்டத்தில இருக்கிறவங்க வரலாம்னு சொன்னாங்க, அதான் வந்தேங்க ஐயா" என்றார். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலேயே, தாழ்ந்த குரலில், "பொட்டை அழிக்கணுங்களா? அழிச்சாத்தான் ஜெபிப்பீங்களா?" என்று கேட்டார்.

வேண்டாம் அம்மா என்றேன். பையனுடைய பெயரைக் கேட்டு, படத்தைக் கையில் வைத்தபடியே ஜெபித்தேன். பிறகு படிவத்தைப் பார்த்தேன். மூன்று கட்டங்கள்: முதன்முறையாக இயேசுவை ஏற்றுக்கொண்டேன், என் விசுவாசத்தைப் புதுப்பித்துக்கொண்டேன், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன். காணாமல்போன மகனுக்காக வந்தேன் என்பதற்குக் கட்டம் இல்லை. ஒழுங்கமைப்பாளர் ஒருவர் படிவங்களைச் சேகரித்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் நெற்றியை ஒருமுறை பார்த்துவிட்டு, "முதலாவதில் புள்ளடி போடுங்கள் பிரதர், ஹிந்து மக்கள்தானே" என்றார். மூன்றையும் வெறுமையாக விட்டு, ஓரத்தில் "மகனுக்காக ஜெபம் கேட்டார்" என்று எழுதிக் கொடுத்தேன். அது எந்தக் கணக்கில் சேர்ந்ததோ, கூட்டத்தின் முடிவில் நூற்றுக்கு மேற்பட்ட ஆத்துமாக்கள் ஆதாயமாயின என்று மேடையில் அறிவித்தார்கள். மைதானம் கைதட்டியது.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் பிறகு போனேன். ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் ஒற்றை அறை. செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார், வெள்ளிதோறும் முருகன் கோவில், இடையில் யார் ஜெபிப்பதாகச் சொன்னாலும் அங்கே. கூட்டம் நடத்தியவர்கள் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். போனில் ஒரு மெசேஜ் மட்டும் வந்ததாம், அடுத்த கூட்டத்துக்கு அழைத்து. மகனிடமிருந்து தகவல் வந்துவிட்டது; தொழில் வழங்குநர் கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறாராம். அந்த அம்மாவுக்கு அப்போது தேவைப்பட்டது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு எழுதத் தெரிந்த ஒருவர். எழுதிக் கொடுத்தேன். இயேசுவைப் பற்றியும் பேசினோம்; அதற்குப் பாட்டு தேவைப்படவில்லை, தேநீர் இருந்தது.

அழைப்பைப் பற்றிய என் கேள்வி அன்றுதான் இடம் மாறியது. அதுவரை பிரசங்கி நேர்மையானவரா, இசை அளவோடு இருக்கிறதா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிரசங்கி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தால் முன்னால் வருகிற மனிதர் மூன்றில் ஒன்றாகத்தான் பதிவாவார். அழைப்பு யாருக்காக விடுக்கப்படுகிறது என்பதை அந்தப் படிவம் யாருடைய மேசைக்குப் போகிறது என்பதிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

இலங்கையில் இதற்கு இன்னொரு பாரதூரமும் உண்டு. 2004 இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது, வற்புறுத்தல் என்பதற்குள் மத ரீதியான அதிருப்தியைச் சொல்லி மிரட்டுவதும் அடங்கும்படி வரைவிலக்கணம் கொடுக்கப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்மானித்தது. ஒருவர் தாம் விரும்பும் மதத்தைத் தழுவும் சுதந்திரத்தை உறுப்புரை 10 உறுதிசெய்கிறது. அந்தத் தீர்ப்புக்காக நாம் நன்றி செலுத்தினோம். ஆனால் குங்குமம் கலையாத ஒரு தாயை ஆதாயமான ஆத்துமாவாக மேடையில் அறிவிப்பவர்கள், அந்தச் சட்டமூலத்தை எழுதியவர்கள் நம்மைப் பற்றிச் சொன்னதற்குத் தாங்களாகவே சாட்சியம் கொடுக்கிறார்கள். அந்த அம்மாவின் அண்ணன் மைதானத்துக்கு வெளியே நின்று அந்த அறிவிப்பைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்?

ஃபின்னியின் வாதம் இங்கேதான் எனக்கு உடைகிறது. நம் ஊரில் ஞானஸ்நானம் ஒரு சைவ வீட்டுப் பிள்ளைக்கு என்ன விலை கேட்கும் என்பதை நாம் அறிவோம்: தாயின் கண்ணீர், சித்தப்பாவின் கோபம், தங்கையின் சம்பந்தம் தடைப்படலாம் என்ற பேச்சு. அதனால்தான் மாதக்கணக்கில் வகுப்பு, கேள்வி, காத்திருப்பு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கட்டும் என்று லூக்காவில் இயேசு சொல்கிறார். உட்கார்ந்து யோசிக்க வேண்டியவரைத்தான் நாம் எழும்பி ஓடி வரச் சொல்கிறோம். திருவிருந்து உள்ள ஞாயிறுகளில் எங்கள் ஆலயத்தில் எல்லோருமே எழுந்து முன்னே போகிறோம், கம்பியருகே முழங்காற்படியிட்டு வெறுங்கையை நீட்டுகிறோம். போனவர்களின் தொகையை அறிக்கையில் சேர்த்து யாரும் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை.

எதிர்த்தரப்பில் எனக்குத் தெரிந்த வலுவான சாட்சி தெமட்டகொடையில் முச்சக்கரவண்டி ஓட்டும் ஒரு நண்பர். கசிப்பிலேயே வாழ்ந்தவர். ஒரு கூட்டத்தில் அழைப்புக் கேட்டு முன்னால் போனார், அதன்பின் குடிக்கவில்லை. தன் வேதாகமத்தின் உள்ளட்டையில் அந்தத் தேதியை எழுதி வைத்திருக்கிறார். "கால் நடந்தபடியால்தான் மனசும் நடந்தது, இல்லாட்டி நான் திரும்ப அதே கடைக்குத்தான் போயிருப்பன்" என்று என்னோடு சண்டைக்கு வருவார். அவரோடு நான் வாதாடுவதில்லை. உடலால் செய்யாத எதையும் நம் மக்கள் செய்ததாகவே எண்ணுவதில்லை. விழுந்து கும்பிட்டும் நடந்து போயும் வளர்ந்த சமூகம் இது. ஆனால் அவரைத் துருவிக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்: முன்னால் நின்றபோது தோளில் கைவைத்த வயோதிபர் ஒருவர், அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குக் கிட்டத் தினமும் மாலை ஆறு மணிக்கு, கசிப்புக் கடை திறக்கும் நேரம் பார்த்து, அவரது முச்சக்கரவண்டியில் வந்து ஏறி உட்கார்ந்துகொள்வாராம். எங்கே போக வேண்டும் என்று கேட்டால், சும்மா ஒரு சுற்று என்பாராம். வாடகையும் கொடுப்பாராம்.

எங்கள் சபையின் இவ்வருடக் கன்வென்ஷனுக்கான கமிட்டியில் இவற்றையெல்லாம் சொன்னேன். அழைப்பு விடுப்பதானால் எதற்கு, எப்படி என்பதைப் பிரசங்கம் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். கண்களை மூடச் சொன்னால் அதோடு நிற்க வேண்டும். ஓர் இரவுக்கு ஓர் அழைப்புத்தான். நோயாளிகளுக்கான ஜெபம் வேறாக நடக்கட்டும். தொகை மேடையில் அறிவிக்கப்படக் கூடாது. வீடு தேடிப் போய்ச் சந்திக்க எத்தனை பேர் ஆயத்தமோ அத்தனை அட்டைகள் மட்டும் அச்சிட வேண்டும், அட்டையில் கட்டங்களுக்குப் பதில் வெறும் கோடுகள் இருக்க வேண்டும். இளம் போதகர் ஒத்துக்கொண்டார். செயலாளர், அழைத்திருக்கும் ஊழியக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினார். பொருளாளர்தான் உண்மையான சிக்கலை எடுத்துவைத்தார்: கூட்டத்துக்கு உதவும் வெளிநாட்டு நண்பர்கள் ஒவ்வொரு வருடமும் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள்; எண்ணிக்கை இல்லாமல் அறிக்கையில் எதை எழுதுவது? அவர் கபடமாகக் கேட்கவில்லை, மண்டப வாடகையும் ஒலிபெருக்கிச் செலவும் அவர் தலையில்தான் விடிகின்றன. அந்த அறிக்கையை நானே எழுதித் தருகிறேன் என்று பொறுப்பேற்றிருக்கிறேன். எத்தனை வீடுகளுக்குப் போனோம், யார் கதவைத் திறந்தார்கள், யார் வரவேண்டாம் என்றார்கள், ஆறு மாதத்துக்குப் பிறகு யாரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பவை அதில் இருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு அறிக்கை போனால் அடுத்த வருடப் பணம் பிந்தும் என்று பொருளாளர் சொல்கிறார். பிந்தினால் மண்டபத்தை விட்டுவிட்டு ஆலயத்திலேயே நடத்தலாம் என்று பதிலுக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வாக்கெடுப்பு.